பெட்டி வந்தது, பசி பழியாயிற்று

அழகை விரும்புவது மனித இயல்பு. அதை மறுப்பார் இல்லை. ஆனால், எத்தனை அங்குல இடை அழகு, எந்த நிறம் அழகு, எவ்வளவு எடை அழகு என்று அளந்து சொல்லும் அளவுகோல் எங்கிருந்து வந்தது? அதுவும் இயற்கை தந்ததுதானா?

ஆம் என்று அடித்துப் பேசுவோர் பலர் உளர். மெல்லிய உடல் எழிலானது என்று உலகமே ஒப்புகிறதே, இதிலே கற்பித்தவன் யார், கற்றவன் யார் என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி கேட்பது நன்று. விடை தேட வேண்டியது நம் கடன்.

இவ்வழக்கைத் தீர்க்க ஒரு சான்று வேண்டும். படக்காட்சியே இல்லாத ஒரு நாடு வேண்டும். அங்கே மக்கள் உடலைப் பற்றி என்ன எண்ணினர் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் படக்காட்சி அங்கே நுழைய வேண்டும். நுழைந்தபின் நிகழ்ந்ததை அளந்து பார்க்க ஆளும் இருக்க வேண்டும். இத்தனையும் ஓரிடத்தில் கூடுவது அரிது. வரலாறு அந்த அரிய வாய்ப்பை ஒரு முறை நல்கிற்று. இடம், பசிபிக் மாக்கடலின் பிஜித் தீவுகள். ஆண்டு, 1995.

பிஜி என்ற பெயர் தமிழர்க்குப் புதிதன்று. அதன் கரும்புத் தோட்டங்களிலே கண்ணீர் வடித்த நம் மகளிரைப் பாரதியார் பாடியதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்தவர்கள் நாம். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1903 தொடங்கிச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஆனால் இன்று நாம் காண இருப்பது அத்தீவின் பழங்குடி மக்களின் கதை. அவர்தம் பெண் மக்களின் கதை.

1874-இல் பிஜி பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டது. மறு ஆண்டே, 1875-இல், சிட்னியிலிருந்து திரும்பிய ஒரு கப்பல் வழியாகத் தட்டம்மை அங்கே இறங்கிற்று. அந்நோயை அதுவரை அத்தீவு கண்டதில்லை. எதிர்க்கும் ஆற்றல் எவர் உடலிலும் இல்லை. சில திங்களுக்குள் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர். பிற நாடுகளில் குழந்தைகளுக்கு வந்து போகும் நோய், பழக்கமில்லாத தீவிலே ஊர்களை வெறுமையாக்கிற்று. இதை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு வேறொன்று அத்தீவில் இறங்கியபோதும், எதிர்த்து நிற்கும் ஆற்றல் அங்கே எவருக்கும் இல்லை.

அதற்கு முன், பழைய பிஜியில் உடல் எப்படி மதிக்கப்பட்டது என்பதைப் பார்ப்போம். 1980-களின் இறுதியில் ஆன் பெக்கர் என்ற அமெரிக்க அம்மையார் அங்கே தங்கி ஆராய்ந்தார். மருத்துவமும் மானிடவியலும் ஒருசேரக் கற்றவர் அவர். விட்டிலெவு என்னும் பெருந்தீவின் தென்மேற்கிலுள்ள நாண்ட்ரோங்கா வட்டாரத்திலே மக்களோடு மக்களாக வாழ்ந்து, கண்டதைத் தொகுத்து 1995-இல் நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டது இது. அங்கே ஒரு வீட்டார் உண்ணும் வேளையில் வழியே செல்பவர் எவராயினும், 'மாய் கானா' என்று குரல் கொடுப்பர். வா, வந்து உண் என்பது பொருள். கிழங்கும், மீனும், தேங்காயும் பகிர்ந்துண்ணப்பட்டன. ஒருவர் உடல் நிறைந்து செழித்திருந்தால், அவரைச் சார்ந்தோர் அவரை நன்கு பேணுகின்றனர் என்பதற்கு அது சான்று. ஒருவர் மெலிந்தால், அவருடைய சுற்றத்துக்கே அது இழுக்கு. ஏன் இவளைக் கவனிக்கவில்லை என்ற கேள்வி எழும். பசி குறைவதை ஒரு நோயாகவே கருதிப் பச்சிலைச் சாறு கொடுத்துத் தீர்த்தனர்.

இன்னொன்றும் அவர் குறித்தார். பிஜி மக்களுக்கும் பிடித்த வடிவம், பிடிக்காத வடிவம் என்ற வேறுபாடு இருந்தது. எனினும், என் உடலை நானே செதுக்கி மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. உடல் தனியொருவரின் விளம்பரப் பலகை என்று எவரும் நினைக்கவில்லை. சுற்றமும் ஊரும் சேர்ந்து வளர்க்கும் செடி என்றே அதைக் கருதினர்.

இந்த ஊருக்குத்தான் 1995-இல் தொலைக்காட்சி வந்தது.

ஒரே ஒரு அலைவரிசை. அதிலே அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் தொடர்கள். 'பெவர்லி ஹில்ஸ் 90210', 'மெல்ரோஸ் பிளேஸ்', வாளேந்திய 'ஜீனா' என்னும் வீராங்கனையின் கதை போன்றவை. பிஜியின் வயலும், வலையும், வாழ்வும் அறியாதவர்கள் எழுதிய கதைகள். பிஜிப் பெண் ஒருத்தியைப் போன்ற உடலோ முகமோ இல்லாத நாயகியர். ஆயினும் என்ன? பெட்டி ஒளிர்ந்தது. ஊர் கூடிற்று.

பெட்டி வந்த சில வாரங்களுக்குள் பெக்கர் அம்மையார் தம் முதல் ஆய்வை நடத்தினார். பள்ளி மாணவியர் 63 பேர். வயது ஏறத்தாழ 17. உணவைப் பற்றியும் உடலைப் பற்றியும் ஒருவருடைய மனப்போக்கை அறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் 26 வினாக்கள் அவர்களிடம் தரப்பட்டன. இருபதுக்கு மேல் எண் பெற்றால், இடர் உண்டு என்பதன் அறிகுறி. மூன்றாண்டு கழித்து, 1998-இல், அதே பருவத்து மாணவியர் 65 பேரிடம் அதே வினாக்கள் தரப்பட்டன.

விடைகளைப் பாருங்கள்.

1995-இல் இடரின் எல்லையைத் தாண்டியோர் நூற்றுக்கு 12.7. மூன்றே ஆண்டில் அது 29.2 ஆயிற்று.

எடை குறைய வேண்டும் என்பதற்காக, உண்டதைத் தாமே வலிந்து வாந்தியெடுத்தோர் 1995-இல் ஒருவரும் இல்லை. 1998-இல் நூற்றுக்கு 11.3 பேர்.

நான் மிகப் பருமன் என்று சில வேளைகளிலேனும் எண்ணி வருந்தியதாக, 1998-இன் மாணவியரில் நூற்றுக்கு 74 பேர் சொன்னார்கள். எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்தியதாகச் சொன்னவர்கள் 69 பேர். வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி உள்ள பெண்கள் இடரெல்லையைத் தாண்டும் வாய்ப்பு, பெட்டி இல்லாத வீட்டுப் பெண்களை நோக்க மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

வா, வந்து உண் என்று வழிப்போக்கரை அழைத்த வீட்டிலே, உண்டதை மறைவாகச் சென்று வெளியே தள்ளினாள் ஒரு பெண். அவளுடைய தாய் அறியாள். பாட்டிக்குச் சொன்னாலும் விளங்காது. மகள் மெலிந்தால் பச்சிலைச் சாறு கொடுக்கத் தெரிந்த குடும்பம், மகள் தானே விரும்பி மெலிய முற்படுவதற்கு என்ன மருந்து கொடுக்கும்?

'பெண் பிள்ளைகளின் வீண் ஆசை இது. பகட்டு மோகம்' என்று இதைத் தள்ளிவிடுவார் உண்டு. அப்படித் தள்ள வேண்டாம். அந்த மாணவியர் ஆய்வாளரிடம் மனந்திறந்து பேசியவை வேறு கதை சொல்கின்றன. திரையிலே கண்ட பெண்கள் வேலைக்குச் சென்றார்கள், ஊதியம் பெற்றார்கள், ஆணுக்கு அடங்கி நிற்காமல் எதிர்த்துப் பேசினார்கள், ஜீனாவோ வாள் எடுத்தே போரிட்டாள். கிராமத்துப் பெண்ணின் நெஞ்சில் இவை கனவை விதைத்தன. படிக்க வேண்டும், பட்டணம் செல்ல வேண்டும், பணியேற்க வேண்டும், தன் காலில் நிற்க வேண்டும். எவ்வளவு நல்ல கனவு! ஆனால் அந்தக் கனவுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. அப்படி வாழ்கிற பெண்கள் எல்லாரும் மெல்லிடையாராகவே காட்டப்பட்டனர். ஆகவே மெலிவுதான் அந்த வாழ்வுக்கு நுழைவுச்சீட்டு என்று அவள் கணக்கிட்டாள். வேலை கிடைக்க மெலிய வேண்டும், வீட்டு வேலையைச் சுறுசுறுப்பாய்ச் செய்யவும் மெலிய வேண்டும் என்று பலர் காரணம் கூறினர்.

இதுதான் இந்த வரலாற்றின் நெஞ்சு. விடுதலை வேட்கை அவளுடையது. அது நேர்மையானது. அந்த வேட்கையின் கழுத்திலே ஒரு விலைச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டவர்கள் வேறொருவர்.

பகுத்தறிவு பேசும் நாம், நமக்கு ஒத்த சான்று என்பதற்காக அதைச் சோதியாமல் விழுங்கலாகாது. இந்த ஆய்வில் மாணவியர் தொகை சிறிது. 1995-இல் பேசியவர்களும் 1998-இல் பேசியவர்களும் ஒரே பெண்கள் அல்லர். அந்த மூன்றாண்டுகளில் பிஜியிலே பணப்புழக்கம், கல்வி, பயணம் ஆகியவையும் வளர்ந்தன. ஆகவே எல்லாப் பழியையும் பெட்டியின்மீது சுமத்த முடியாது. ஆய்வாளரும் அப்படிச் சுமத்தவில்லை. எனினும், திரையில் கண்டவரைப் போல ஆகவே மெலிய விரும்பினோம் என்று மாணவியர் தாமே கூறியிருக்க, காரணங்களில் பெட்டிக்கு இடமில்லை என்று எவர் சொல்ல முடியும்?

பிறகு 2011-இல், 500-க்கும் மேற்பட்ட பிஜி மாணவியரை வைத்து அதே அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். அதிலே ஓர் உண்மை தெளிவாயிற்று. ஒரு பெண் தானே எவ்வளவு பார்த்தாள் என்பதைக் காட்டிலும், அவளுடைய தோழியர் படக்காட்சிகளுக்கு எவ்வளவு ஆட்பட்டிருந்தனர் என்பதே அவளிடம் கண்ட நோய்க்குறிகளோடு வலுவான தொடர்பு காட்டிற்று. பெட்டியை நம் வீட்டுக்குள் விடவில்லை. ஆகவே நம் மகள் தப்பினாள் என்று மார்தட்டும் பெற்றோருக்கு இது விடை. கூரைக்குக் கூரை தாவும் தீ, கதவைத் தட்டி அனுமதி கேட்பதில்லை.

சரி, பிஜிக்கு மெலிவு இறக்குமதி ஆயிற்று. ஏற்றுமதி செய்த நாடுகளிலேனும் அது இயற்கையாய் முளைத்ததா? அதுவும் இல்லை. அங்கேயும் அது ஆண்டுதோறும் மாற்றி மாற்றி அச்சடிக்கப்பட்ட சரக்கே.

பதினேழாம் நூற்றாண்டில் ரூபன்ஸ் என்னும் பெரும் ஓவியர் அழகின் வடிவாய்த் தீட்டிய மகளிர், இன்றைய விளம்பரப்படி எடை குறைக்க வேண்டியவர்கள். 1890-களில் அமெரிக்க ஏடுகளிலே கிப்சன் என்பவர் ஒரு கற்பனை நங்கையை வரைந்தார். உயர்ந்த கொண்டை, நிறைந்த மார்பு, இறுகக் கட்டிய இடை. அக்காகித நங்கையைப் போல ஆவதற்கு, உயிருள்ள நங்கையர் மூச்சுத் திணற இடையை இறுக்கினர். 1920-களில் வழக்கு மாறிற்று. மார்பும் இடையும் தட்டையாய்ச் சிறுவன் போலத் தோன்றுவதே எழில் என்றாயிற்று. முப்பது ஆண்டுக்குள் பெண் உடலின் இயற்கை மாறிவிட்டதா? மாறியது ஏடுகளின் படம்.

படத்தின் பின்னே பணப்பெட்டி இருந்தது. 1928-இல் 'லக்கி ஸ்ட்ரைக்' என்ற சிகரெட்டின் விளம்பரம், இனிப்பை விடுத்து எங்கள் சிகரெட்டை எடுங்கள், மெலிவீர்கள் என்ற கருத்தைப் பெண்களிடையே பரப்பிற்று. மறு ஆண்டு, 1929-இல், நியூயார்க்கில் ஈஸ்டர் திருநாள் ஊர்வலத்திலே சில நங்கையர் வெளிப்படையாகச் சிகரெட் பற்ற வைத்தனர். அவை விடுதலையின் தீப்பந்தங்கள் என்று ஏடுகள் எழுதின. அக்காட்சியை ஏற்பாடு செய்தவர் எட்வர்டு பெர்னேய்ஸ் என்ற விளம்பர வல்லுநர். அவருக்குக் கூலி கொடுத்தது அந்தச் சிகரெட் நிறுவனம். பெண்ணின் உரிமை வேட்கையை எடுத்து, அதிலே புகையிலையைச் சுற்றி விற்ற வித்தை அது. பிஜிப் பெண்ணின் பணி வேட்கையோடு மெலிவைச் சேர்த்துக் கட்டிய கயிறும் இந்த ஆலையில் திரித்த கயிறே.

1959-இல் பார்பி பொம்மை கடைக்கு வந்தது. 1965-இல் வந்த ஒரு பார்பியோடு ஒரு எடைப்பலகையும் வந்தது. முள் 110 பவுண்டில் நிலைத்து நின்றது. எடை குறைப்பதற்கு ஒரு குட்டிப் புத்தகமும் உடன் இருந்தது. அப்புத்தகம் கூறிய மருந்து பட்டினி! விளையாடும் சிறுமிக்குப் பொம்மை நடத்திய பாடம் அது. 1966-இல் லண்டனில் ட்விகி என்ற பதினாறு வயதுச் சிறுமி, நாணல் போன்ற உடலால் உலகப் புகழ் பெற்றாள். வளரும் பருவத்துச் சிறுமியின் உடல், வளர்ந்த மகளிர்க்கெல்லாம் அளவுகோலாக நீட்டப்பட்டது.

ஆண்கள் தப்பினரா? 1964-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஜி.ஐ.ஜோ என்ற போர்வீரன் பொம்மையை, அதன் பிற்கால வடிவங்களோடு ஒப்பிட்டு 1999-இல் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தனர். பத்தாண்டுக்குப் பத்தாண்டு அதன் தோளும் புயமும் வீங்கியிருந்தன. இறுதியில் வந்த ஒரு பொம்மையின் புயத்தை மனித உயரத்துக்குக் கணக்கிட்டால், உலகின் எந்த மல்லனுக்கும் இராத பருமன். பெண்ணிடம் குறை என்றவர்கள் ஆணிடம் கூட்டு என்றனர். இருபாலரிடமும் சொன்ன செய்தி ஒன்று: இப்போது நீ இருக்கிறபடி இருந்தால் போதாது.

வெளிநாட்டுக் கதை பேசியே காலம் கழிக்கலாமா? நம் வீட்டுக் கூடத்திற்கும் வருவோம். இங்கே மெலிவுக்கு முன்பே நிறம் அளவுகோலாய் நின்றது. வெண்மைக்கு ஏற்றம், கருமைக்குத் தாழ்வு என்ற இழிவு விளம்பரத்துக்கு முன்பே இங்கு வேர்விட்டது உண்மை. ஆனால் அந்த வேருக்கு நீரூற்றி, அதையே வணிகமாக்கியது விளம்பரம். 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற களிம்பு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் விளம்பரக் கதை ஒன்றை நம் அக்கைமார் பலர் கண்டிருப்பர். வருவாய் குறைந்த தந்தை, மகன் இல்லையே என்று ஏங்குகிறார். கருநிற மகள் அதைக் கேட்டு மனம் புண்படுகிறாள். களிம்பைப் பூசுகிறாள். சிவந்து, விமானப் பணிப்பெண்ணாகிறாள். குடும்பம் தலைநிமிர்கிறது!

பார்த்தீர்களா பழைய கயிற்றை? மகளும் மகனுக்கு நிகர் என்ற உயர்ந்த கருத்து அதிலே இருக்கிறது. வேலைக்குச் செல்லும் பெண் இருக்கிறாள். ஆனால் அவளுடைய படிப்பா அவளுக்கு வேலை வாங்கித் தந்தது? முயற்சியா? இல்லை, குப்பியில் அடைத்த களிம்பு! அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துக் குரல் எழுப்பிற்று. முறையீடுகள் சென்றன. 2003-இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது. 2014-இல் விளம்பரத் துறையின் தர மன்றம், கருநிறத்தாரை இழிவாகவோ தோல்வியுற்றவராகவோ காட்டக் கூடாது என்று நெறி வகுத்தது. 2020-இல் அக்களிம்பின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லே நீக்கப்பட்டது. களிம்பு இன்னும் கடையில் இருக்கிறது. எனினும், எதிர்ப்பு எழுந்தால் விளம்பரம் பின்வாங்கும் என்பதற்கு இது சான்று. வானத்திலிருந்து விழுந்த அளவுகோலாயிருந்தால், சங்கம் வைத்துப் போராடிய மாதரின் குரலுக்கு அது வளைந்திருக்குமா?

இன்று பெட்டி சுருங்கிக் கைக்குள் வந்துவிட்டது. 1995-இன் பிஜிப் பெண் கண்டது எங்கோ இருக்கும் நடிகையை. இன்றைய மாணவி காண்பது தன் வகுப்புத் தோழியை. தோல் வழுவழுப்பாக்கி, முகத்தைச் சிறிதாக்கி, கண்ணைப் பெரிதாக்கிய தோழியை. நடிகையைப் போல நான் இல்லையே என்பதற்கு, அவள் நடிகைதானே என்று ஆறுதல் கொள்ளலாம். தோழியைப் போல நான் இல்லையே என்பதற்கு என்ன ஆறுதல்? அதனினும் கொடிது, ஒப்பனைக் கருவியில் மெருகேற்றிய தன் முகத்தோடு தன் சொந்த முகத்தையே அவள் ஒப்பிட்டுத் தோற்கிறாள்.

இன்ஸ்டாகிராம் 2010-இல் தொடங்கப்பட்டது. 2021-இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர், அதை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆவணங்களை உலகறியச் செய்தார். நிறுவனம் தானே நடத்திய ஆய்வின் குறிப்பு அவற்றில் இருந்தது. தம் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த வேளையில் இன்ஸ்டாகிராம் அந்த நோவை மேலும் மிகுத்தது என்று பதின்பருவப் பெண்களில் நூற்றுக்கு 32 பேர் சொல்லியிருந்தனர். ஆய்வைத் திரித்துக் கூறுகின்றனர் என்று நிறுவனம் மறுத்தது. ஒன்று மட்டும் மறுக்கவொண்ணாதது. தம் சரக்கு இளநெஞ்சங்களை என்ன செய்கிறது என்று அவர்கள் கேட்டறிந்திருந்தனர். விடையைப் பெற்றோரிடம் சொல்லவில்லை, ஆசிரியரிடம் சொல்லவில்லை, அந்தப் பெண்களிடமும் சொல்லவில்லை.

இது சிறு மனக்குறை என்று எண்ணிவிடாதீர்கள். உணவை வெறுத்து மெலியும் நோய், மனநோய்களிலேயே சாவு விகிதம் மிகுந்தவற்றுள் ஒன்று. 2006-இல் பிரேசில் நாட்டு விளம்பர அழகி அனா கரோலினா ரெஸ்டன் அந்நோயால் மாண்டபோது அவருக்கு வயது 21. அழகின் அளவுகோலாய் நிறுத்தப்பட்டவரையே அந்த அளவுகோல் கொன்றது.

ஆட்சிகள் விழித்தன. 2006-இல் மாட்ரிட் நகரின் ஆடைக் காட்சியில், அளவுக்கு மீறி மெலிந்தோர் மேடையேறத் தடை விதிக்கப்பட்டது. இஸ்ரேல் 2012-இல் சட்டம் செய்தது. பிரான்சில் 2017 முதல், உடலை மெலிவித்தோ பருப்பித்தோ திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று அச்சிட வேண்டும். தவறினால் 37,500 யூரோ வரை தண்டம். நார்வே 2021-இல் இத்தகைய சட்டத்தை இயற்றிற்று.

வரவேற்கத்தக்க சட்டங்கள். ஆனால் போதா. திருத்தப்பட்ட படம் என்று எழுதியிருந்தாலும், பார்க்கும் கண் படத்தைத்தான் பார்க்கிறது. ஓரத்து எழுத்து நெஞ்சைக் காப்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டின. புகையின் கேட்டை அட்டையில் அச்சிட்ட பிறகும் சிகரெட் விற்பதை நாம் காணவில்லையா?

பின், என்ன செய்வது? பெட்டியை உடைப்பதா? கைப்பேசியைப் பிடுங்குவதா? பெண்ணை அடுக்களைக்குள் அடைப்பதா? இந்தச் சாக்கிலே மகளின் படிப்பையும் பணியையும் தடுக்க முனையும் பழமையாளர்க்கு ஒரு சொல்: பிஜிப் பெண்ணின் கனவில் பழுதில்லை. கனவுக்கு வைத்த விலையிலேதான் பழுது.

1875-இன் தட்டம்மையை நினைவூட்டினேன். அந்நோய் ஒழிந்த வழி எது? தீவைச் சுற்றிச் சுவர் எழுப்பியா? கப்பலை எரித்தா? இல்லை. நோயை எதிர்க்கும் ஆற்றலை உடலுக்குக் கற்றுக் கொடுத்த தடுப்பூசி, ஊருக்கு ஊர் அந்நோயை விரட்டிற்று. உள்ளத்திற்கும் அத்தகைய தடுப்பூசி உண்டு. அதன் பெயர் ஆராய்ந்து பார்க்கும் பழக்கம்.

வெறும் பேச்சன்று இது. ஆஸ்திரேலியாவில் எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு எட்டே பாடங்கள் நடத்தினர். விளம்பரம் எப்படி உருவாகிறது, படம் எப்படித் திருத்தப்படுகிறது, எவர் ஆதாயத்துக்காக என்று பிரித்துப் பிரித்துக் காட்டினர். 2009-இல் வெளியான முடிவின்படி, அப்பாடம் பெற்றோர்க்கு உடலைப் பற்றிய கவலை, பெறாதோரை நோக்கக் குறைந்திருந்தது. 30 திங்கள் கழித்தும் அதன் பயன் நின்றது. எட்டுப் பாடங்கள்! ஒரு பள்ளியாண்டில் எட்டு மணி நேரம் ஒதுக்க முடியாத பள்ளி எது?

வகுப்பறையே என் பணிக்களம். ஆகவே ஆசிரியத் தோழர்களையும், மன்றங்களிலும் படிப்பகங்களிலும் பணியாற்றும் இளைஞர்களையும் கேட்கிறேன். நம்மிடம் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு கேள்விகளைக் கற்றுக் கொடுப்போம். ஒரு படத்தைக் கண்டதும் கேட்கட்டும்: இதைச் செய்தவர் யார்? இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இதிலே மறைத்தது எது? என் உடலை நான் வெறுத்தால் எவருடைய பெட்டி நிறையும்? வரலாற்றுப் பாடத்திலே கிப்சனின் காகித நங்கையையும், 1929-இன் தீப்பந்தங்களையும் சேர்த்துச் சொல்வோம். அளவுகோல் மாறிய கதையைக் கேட்ட பிள்ளை, இன்றைய அளவுகோலும் மாறும் என்று தானே உணரும்.

நம் நாவையும் கொஞ்சம் அடக்குவோம். 'கருத்துப் போனாயே', 'இளைத்துப் போனாயே', 'குண்டாகி விட்டாயே' என்று வீட்டிலும் விழாவிலும் பிள்ளைகளை வரவேற்கும் வழக்கத்தை விடுவோம். விளம்பரக்காரன் பணம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை, நாம் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டாம்.

அளவுகோல் மனிதர் செய்தது. ஆதாயத்துக்காகச் செய்தது. 1890-க்கு ஒன்று, 1920-க்கு ஒன்று, 1966-க்கு ஒன்று என்று முறித்து முறித்துப் புதிதாய்ச் செய்தது. செய்தவர்களே இத்தனை முறை முறித்த கோலை, நாம் ஒரு முறை முறிக்கலாகாதா?

'மாய் கானா' என்று பிஜியின் பழங்குடி அழைத்தது. வா, வந்து உண் என்ற அந்த அழைப்பிலே, நீ இருக்கிறபடியே எங்களுக்கு வேண்டியவள் என்ற பொருளும் அடங்கியிருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சொல்லைச் சொல்வோம். அவர்கள் வயிறார உண்ணட்டும், உரம் பெறட்டும், படிக்கட்டும், பணியேற்கட்டும். எடைப்பலகையின் முள்ளுக்கு அஞ்சாத தலைமுறை எழட்டும்!